நம் பெயர்ப் பட்டியலுக்குக் காவல் யார்?

முத்துக் குளிப்பவர் கடலில் இறங்கும்போது அவரது கயிற்றின் மறுமுனை படகில் இருப்பவரின் கையில் இருக்கும். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால், மேலே இருப்பவர் அந்தக் கணமே இழுக்க வேண்டும். இழுக்கலாமா, வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தால் கீழே ஓர் உயிர் போய்விடும். இதனால்தான் அந்தக் கயிற்றை மைத்துனர் கையில் கொடுப்பது வழக்கம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனால் அந்தக் கயிறு சொல்லும் பாடம் நமக்கு இன்றும் தேவைப்படுகிறது. பிறர் நம்பி ஒப்படைத்ததைக் கையில் வைத்திருப்பவர், அசைவு தெரிந்ததும் செயல்படக் கடமைப்பட்டவர் அன்றோ?

இன்று நாம் ஒப்படைப்பது நம் பெயரை, பிறந்த தேதியை, வீட்டு முகவரியை, அம்மாவின் கைப்பேசி எண்ணை. ஓவியப் போட்டியானாலும் சரி, சதுரங்கக் கழகமானாலும் சரி, முதலில் இணையதளத்தில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். நிரப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? நானும் எண்ணிப் பார்த்ததில்லை, சென்ற கோடை விடுமுறை வரை.

அந்த விடுமுறையில் நானும் என் தோழியரும் ஒரு சதுரங்கக் கழகத்தின் போட்டிக்குப் பதிவு செய்தோம். படிவத்தில் பெயர், வகுப்பு, பள்ளி, பிறந்த தேதி, முகவரி, பெற்றோர் இருவரின் எண்கள், புகைப்படம், ஆதார் எண் என எல்லாமே கேட்டிருந்தார்கள். கேட்டதை எல்லாம் கொடுத்தோம். போட்டி நன்றாகவே நடந்தது. மூன்று வாரங்கள் சென்றபின் எங்கள் தாய்மார்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. “உங்கள் மகள் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். இன்று மாலைக்குள் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும்” என்றது ஒரு குரல். மகளின் பெயர், பள்ளி, பிறந்த நாள் அனைத்தையும் அது பிழையின்றிச் சொன்னது. இவ்வளவும் தெரிந்தவர் அந்நியராக இருப்பார் என்று எந்தத் தாய்தான் நினைப்பாள்? என் தோழி ஒருத்தியின் தாயார் 2,000 ரூபாய் அனுப்பிவிட்டார்.

நடந்தது இதுதான். படிவங்களில் நாங்கள் எழுதியவை எல்லாம் ஓர் இணையப் பட்டியலில் சேர்ந்திருந்தன. அதன் இணைப்பு கையில் கிடைத்த எவரும் திறந்து பார்க்கும்படி அது விடப்பட்டிருந்தது. அந்த இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது. பூட்டை உடைக்க யாருக்கும் வேலை இருக்கவில்லை. கதவே திறந்துதான் கிடந்தது.

இதைவிட என்னை வருத்தியவை இரண்டு. ஒன்று, கழகத்தார் விஷயம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ‘வெளியே சொன்னால் கழகத்தின் பெயர் கெட்டுவிடும்’ என்று எண்ணினார்களாம். அவர்கள் முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தத் தாயார் பணம் அனுப்பியிருக்க மாட்டார். மற்றொன்று, பணம் போனதும் என் தோழியின் தந்தை எடுத்த முடிவு. “இனி சதுரங்கமும் வேண்டாம், கழகமும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். பட்டியலைத் திறந்து போட்டவர் ஒருவர், ஏமாற்றியவர் வேறொருவர், தண்டனை மட்டும் ஒரு பாவமும் அறியாத பெண்ணுக்கு!

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. உலகெங்கும் சதுரங்கப் பிரியர்கள் கூடும் செஸ்.காம் தளத்தில் பதிவு செய்திருந்தவர்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் 2023 நவம்பரில் வெளியாயின. நண்பர்களைத் தேட உதவும் வசதியையே தவறாகப் பயன்படுத்தி அவற்றைத் திரட்டியிருந்தார்கள். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் வழியே வெளிவந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது.

குழந்தைகளைப் பொறுத்தவரை, 2015 நவம்பரில் ஹாங்காங்கின் விடெக் என்னும் பொம்மை நிறுவனத்துக்கு நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. பெயர், பிறந்த தேதி உள்ளிட்ட விவரங்களுடன் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரின் பதிவுகள் களவு போயின. பத்திரிகையாளர் ஒருவர் கேள்வி கேட்ட பின்னர்தான் களவு நடந்ததே அந்நிறுவனத்துக்குத் தெரியவந்தது! இவ்வழக்கை முடித்துக்கொள்ள 2018இல் அமெரிக்காவில் அது 6,50,000 டாலர் கட்ட நேர்ந்தது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை யாரால் மாற்ற முடியும்? பத்து வயதில் வெளியான விவரம் அறுபது வயதிலும் நம்மைத் தொடரும்.

‘பெரிய நிறுவனங்கள் படும் பாடு இது. ஓய்வு நேரத்தில் சேவையாகக் கழகம் நடத்துபவர்களிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அவர்களிடம் கணினி வல்லுநர்கள் இல்லை, பணமும் இல்லை. ஆனால் பணமின்றியே செய்யக்கூடிய காவல் ஒன்று உண்டு. அது தேவையற்றதைக் கேளாமல் இருப்பது. சதுரங்கம் ஆட ஆதார் எண் எதற்கு? வயதுப் பிரிவு பார்க்கப் பிறந்த ஆண்டு போதும். தொடர்புக்கு ஓர் எண் போதும். போட்டி முடிந்ததும் பட்டியலை அழித்துவிடலாம். கேட்காத விவரம் ஒருநாளும் களவு போகாது.

அப்படியும் தவறு நேர்ந்துவிட்டால் உடனே சொல்ல வேண்டும். நம் தந்தையரில் பலர் துறைமுகத்தில் வேலை செய்கிறார்கள். கண்டெய்னரின் சீல் உடைந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பார்த்தும் பாராததுபோல் விட்டுவிடுபவரை யாரேனும் நல்ல ஊழியர் என்பார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. எந்த விவரம் போனது, எது போகவில்லை, இனி எதில் எச்சரிக்கை வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் அன்றே தெரிவிப்பதுதான் நேர்மை. உண்மையைச் சொன்னதால் கெட்ட பெயர் நாளடைவில் மீளும். மறைத்ததால் கெட்ட பெயர் மீளாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். விவரம் களவு போனால் உரியவருக்கும், அதற்கென அமைந்த வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தக்க பாதுகாப்பின்றி விட்டால் 250 கோடி ரூபாய் வரையிலும், தெரிவிக்காமல் மறைத்தால் 200 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடமுண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. ஆனால் மனச்சாட்சிக்கு அவகாசம் எதற்கு?

தோழியரே, நாமும் சும்மா இருக்கலாகாது. படிவத்தைக் கண்டதும் நிரப்பாமல், ‘இது எதற்கு?’ என்று பணிவுடன் கேட்கப் பழகுவோம். பல தளங்களுக்கு ஒரே கடவுச்சொல்லை வைப்பது, வீட்டுக்கும் பெட்டிக்கும் ஒரே சாவி வைப்பது போன்றது. ஓரிடத்தில் அது தொலைந்தால் எல்லா இடத்திலும் உடனே மாற்றிவிட வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லலாகாது. பணம் கேட்டு அழைப்பு வந்தால் அதைத் துண்டித்துவிட்டு, நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் கழகத்தை அழைத்து விசாரிக்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. யாரேனும் நம்மை மிரட்டினாலோ தொல்லை கொடுத்தாலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். இப்படி ஒன்று நடந்தால் எங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துகொண்டால் அடுத்த முறை பயந்து மறைப்போம். மறைப்பதுதான் ஏமாற்றுபவனுக்கு வேண்டும். எங்கள் கைப்பேசியைப் பறிப்பதாலோ, ஆட்டத்தை நிறுத்துவதாலோ திறந்து கிடக்கும் பட்டியல் மூடிக்கொள்ளாது. கழகத்திடம் போய்க் கேளுங்கள். அங்கே எங்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அன்புள்ள அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் ஒரு வேண்டுகோள். இந்த நல்ல வழக்கத்தை நம் பள்ளி மன்றங்களிலேயே தொடங்கலாம். மன்றப் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கட்டும். தேவையானதை மட்டும் கேட்கட்டும். ஆண்டு முடிவில் அழித்துவிடட்டும். தவறு நேர்ந்தால் அன்றே சொல்லட்டும். இதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

என் தோழி இன்னும் சதுரங்கப் பலகையைத் தொடவில்லை. அவளுடைய தந்தை இந்த மலரைப் படிப்பார் என்று அறிவேன். ஐயா, கயிற்றைக் கையில் வைத்திருந்தவர் இழுக்கத் தவறிவிட்டார். அதற்காக நீந்தத் தெரிந்தவளைக் கரையிலேயே நிறுத்திவிடாதீர்கள். அவளை மீண்டும் ஆட அனுப்புங்கள்.