கரைமொழிக்குச் சிந்திக்கும் உரிமை: கொள்கைப் பிரகடனம்

தூத்துக்குடித் துறைமுகத்திலும், வேம்பார் முதல் பெரியதாழை வரையுள்ள கடற்கரை ஊர்களிலும் வாழ்ந்து, எழுதி, கற்பித்து, கடல்தொழில் செய்துவரும் நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கொள்கை ஒன்றே. உழைக்கும் மக்கள் எந்த மொழியில் உலகத்தைப் பகுத்தறிகிறார்களோ, அந்த மொழிக்கு இலக்கியத்திலும் அறிவுத்துறையிலும் முழு உரிமை வேண்டும்.

எண்ணம் முதலில் பிறக்கும், மொழி பிறகு வந்து அதைச் சுமக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கடலில் அது பொய்த்துப்போகிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பிரித்துச் சொல்லி வளர்ந்தவர், எந்தக் காற்றில் எங்கே வலை போடலாம், எப்போது கரை திரும்ப வேண்டும் என்பதையும் அந்தப் பெயர்களோடு சேர்த்தே கற்கிறார். நீரோட்டத்தை வாநீவாடு, சோநீவாடு என்று வேறுபடுத்துகிறவர் தண்ணீரின் போக்கைக் கணிக்கிறார். கடலடியில் சிப்பி விளையும் பாறைத்திட்டைப் ‘பார்’ என்று அழைத்து, ஒவ்வொரு பாருக்கும் தனிப்பெயர் இட்டவர்கள், கண்ணுக்குத் தெரியாத நிலத்தை மனத்துக்குள் வரைந்துவைத்தவர்கள். அளந்து, ஒப்பிட்டு, முடிவெடுக்கும் சிந்தனை இந்தச் சொற்களுக்குள்ளேயே நடக்கிறது.

ஆனால் கதைகளில் நம் மீனவர் பெரும்பாலும் மேற்கோள் குறிகளுக்குள்தான் வாழ்கிறார். சண்டையிட, அழ, வசைபாட அவருடைய பேச்சு போதுமாம். வாழ்க்கையை விளக்கவும், சரி தவறு எடைபோடவும் பொதுத்தமிழ் வந்து எழுதுகோலை வாங்கிக்கொள்கிறது. பேசுகிறவர் ஒருவர், அவரைப் பற்றி நினைக்கிறவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினையை நாங்கள் மறுக்கிறோம்.

மறுப்பதற்கு வரலாறும் எங்களுக்குத் துணைநிற்கிறது. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதை ஆக்கிய, போர்த்துகீசியரான அன்றிக்கே அடிகளார் இந்த முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்றவர். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் இக்கரைப் பரதவர்கள். 1586-இல் அவர் வெளியிட்ட ‘அடியார் வரலாறு’ 600 பக்கங்களைத் தாண்டிய உரைநடை. அன்றைய கரைப்பேச்சு அதன் வாக்கியங்களில் நிறைந்திருக்கிறது. செய்யுளே கல்வியின் அடையாளமாக இருந்த காலத்தில், துறவையும் பாவத்தையும் மன்னிப்பையும் பற்றி நீளப் பேச இந்தப் பேச்சால் முடிந்தது. காயல்பட்டினத்து முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதி மார்க்க அறிவை வீடுகளுக்குள் கொண்டுசென்றார்கள். எழுத்து வேறானாலும் சிந்தனை தமிழில் நடந்தது.

வ.உ.சி. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவரும் அவரே. துறைமுகமும் மில்வாசலும் இலக்கணமும் ஒரே மனிதரின் வாழ்வில் இடம்பெற முடிந்த ஊர் இது.

அண்மைக் காலத்திலும் வழி திறந்திருக்கிறது. இதே மாவட்டத்து இடைசெவலில் இருந்து கி.ராஜநாராயணன் கரிசல் மக்களின் பேச்சைக் கதைசொல்லியின் மொழியாகவே ஆக்கினார், அதற்கு அகராதியும் தொகுத்தார். கடற்கரை மக்களின் வாழ்வை எழுதிய ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004-இல் வந்தது. அவருடைய ‘கொற்கை’ 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தனிமனிதர்கள் தொடங்கியதை ஊர்கள் சேர்ந்து தொடர வேண்டிய நேரம் இது.

நேரம் குறைவாகவும் இருக்கிறது. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்குப் பிறகு இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. மூச்சடக்கி இறங்கியவர்களின் சொற்கள் இன்று மூத்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. தொழில் நின்றால் சொல் தளர்கிறது. சொல் போனால் அந்தத் தொழிலுக்குள் இருந்த அறிவைக் கேட்டறியும் வழியும் அடைபடுகிறது.

ஆகவே நாங்கள் அறிவிக்கிறோம்:

1. கரைமொழி, அதாவது இக்கரை மக்களின் பேச்சு, தமிழின் கிளை. பொதுத்தமிழை நாங்கள் பகைக்கவில்லை. மதுரைக்காரரும் மட்டக்களப்புக்காரரும் மலேசியத் தமிழரும் நம்மோடு பேச அது வேண்டும். அந்தப் பொதுத்தமிழ் வளர்வதற்குக் கரைச்சொற்களும் அதற்குள் வர வேண்டும்.

2. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று விசாரித்து அதைத் தள்ளிவைக்க மாட்டோம். கப்பலேறி வந்து நம் வாயில் பழகிய சொற்கள் நம் சொற்களே.

3. வட்டாரச் சொல்லை அழகுக்காகத் தூவுவதை ஏற்க மாட்டோம். ஒரு சொல்லை எழுதுகிறவர் அது குறிக்கும் வேலையையும் ஆபத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

4. கரைமொழி ஒரு சாதியின், ஒரு மதத்தின் உடைமையன்று. பரதவர், முஸ்லிம்கள், உப்பளத்தில் உப்பு வாரும் பெண்கள், துறைமுகச் சுமைத்தொழிலாளர்கள், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டியவர்கள் அனைவரும் சேர்ந்து ஆக்கியது.

இவற்றை நிறைவேற்ற நாங்கள் உறுதி எடுக்கிறோம்:

ஊர் ஊராகச் சென்று சொற்களைத் திரட்டுவோம். தனிச்சொல்லாகப் பட்டியலிடாமல், சொன்னவரின் முழுப்பேச்சோடும் குரலோடும் பதிவு செய்வோம். அச்சிடுமுன் சொன்னவரிடம் வாசித்துக் காட்டி அவர் ஒப்புதலைப் பெறுவோம்.

கதையில் மட்டும் நிற்காமல் கட்டுரை, நாடகம், அறிவியல், சட்ட விளக்கம் ஆகியவற்றையும் கரைமொழியில் எழுதுவோம். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பற்றிய ஆய்வுகள், அங்கே மூழ்கிச் சங்கு எடுப்பவருக்குப் புரியும் தமிழில் வர உழைப்போம்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போது எண்ணையும் கிலோமீட்டரையும் சொல்லும் அறிவிப்பு, காற்றையும் நீரோட்டத்தையும் மீனவர் சொல்லும் பெயராலும் சொல்ல வேண்டும் என்று அரசிடம் கோருவோம். உயிர் காக்கும் செய்தி, கேட்பவர் சிந்திக்கும் மொழியில் இருப்பது அவருடைய உரிமை.

பள்ளிகளில் கரைமொழியைக் கொச்சை என்று திருத்தும் வழக்கம் முடிய வேண்டும். வீட்டுச்சொல்லையும் நூற்சொல்லையும் அருகருகே வைத்துக் கற்ற பிள்ளை இரண்டிலும் வலிமை பெறும்.

எழுத்தாளர்களே, ஆசிரியர்களே, ஆய்வாளர்களே, கடலோடிகளே! உங்கள் ஊரின் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து அவருடைய தொழிலை அவருடைய மொழியிலேயே எழுதி வாங்குங்கள். எழுதியதை அவர் முன் படியுங்கள். அவர் திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தத்தை ஏற்பவர் எவரும் இந்த இயக்கத்தின் உறுப்பினர்.