எந்த ஊரிலும் பெய்யாத மழை

மார்கழி பிறந்ததும் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: "இந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு நல்ல மழை." மாநில சராசரி தொலைக்காட்சியில் ஒற்றை எண்ணாக ஓடிவிட்டால் மழைக்கணக்கு முடிந்தது என்று நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கை தவறு. வானம் பார்த்த பூமியில் விதைத்தவருக்கு இது அநீதியும்கூட.

தென்கோடியை மட்டும் பாருங்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல். ஐந்தருவிப் பக்கம் நின்றால் அடுத்தவர் பேசுவது காதில் விழாது. அதே நாட்களில் தூத்துக்குடி உப்பளங்களில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறார்கள். மேற்குமலை ஈரத்தையெல்லாம் பிழிந்துகொண்டபின் அங்கு வந்து சேர்வது வறண்ட காற்று. தப்பித்தவறி நல்ல மழை பெய்தால் விளைந்த உப்பு கரையும், கூலியும் போகும். இந்த இரண்டு ஊரையும் கூட்டி வகுத்து வரும் எண் யாருக்கு உதவும்?

மாநிலத்தின் ஆண்டு சராசரி 90 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் கொட்டியதும் 90 சென்டிமீட்டருக்கு மேல்தான். குளங்களின் கரைகள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். மழை குறைந்த மாவட்டம் என்று பெயரெடுத்த தூத்துக்குடியில் நடந்தது இது. பத்துப் பதினைந்து நாளில் பரவலாகப் பெய்திருந்தால் குளம் நிறைந்திருக்கும், மறுகால் போயிருக்கும். ஒரே நாளில் பெய்ததால் ஊரை அழித்துவிட்டுக் கடலுக்குப் போனது. சராசரியில் இரண்டும் ஒன்றே.

ஐப்பசி, கார்த்திகைதான் தமிழ்நாட்டின் மழைக்காலம் என்பதும் பாதி உண்மைதான். கடலோரத்துக்கு அது சரி. நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. அது தென்மேற்குப் பருவமழை. சேலம், தருமபுரிப் பக்கம் மானாவாரிக்காரர்கள் ஆடி, ஆவணியின் மாலை இடிமழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். தஞ்சைக் குறுவைக்கோ மழை குடகில் பெய்ய வேண்டும்.

நீலகிரியில் இன்னொன்றும் உண்டு. தை மாதக் காலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் படமெடுத்து 'ஊட்டியில் பனிப்பொழிவு' என்று போடுகிறார்கள். அது வானிலிருந்து பொழிந்ததல்ல. மேகமில்லாத இரவில் தரை குளிர்ந்து, காற்றின் ஈரம் புல்லின்மேல் உறைந்தது, உறைபனி. வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து கருகி நிற்கும். அந்த நட்டம் எந்த மழைக்கணக்கிலும் ஏறாது.

நிர்வாகத்துக்குப் பொதுவான ஓர் எண் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் வானிலை ஆய்வுத்துறையின் கணக்கில் நீண்டகால சராசரியைவிட 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் 'இயல்பு' என்றே பெயர். மாநிலம் 'இயல்பு' என்று அறிவிக்கப்பட்ட ஆண்டில் ஒரு வட்டாரத்துக் கண்மாய் முழுக்க வறண்டு கிடக்கலாம். நிவாரணம் கேட்டுப் போகும் விவசாயியிடம் அந்த எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்புவது கொடுமை.

மாவட்டவாரி மழையளவை ஆய்வுத்துறையே வெளியிடுகிறது. அதைத் தேடிப் படியுங்கள். 'நல்ல மழை' என்று யாராவது சொன்னால், எந்த ஊரில், எத்தனை நாளில் பெய்தது என்று கேளுங்கள்.