பாட்டு முடிந்தது, பஸ் எங்கே?

கோவை வளருகிறது என்கிறார்கள். வளரட்டும், வாழ்த்துகிறோம். வானளாவும் கட்டடங்கள் எழுகின்றன. சாலைக்கு மேல் சாலை போடுகிறார்கள். ஆயிரக்கணக்கிலே நாற்காலிகளைப் போட்டு, இரவைப் பகலாக்கும் விளக்குகளை ஏற்றி, பெரிய பெரிய இசையமைப்பாளர்களை அழைத்து வந்து பாட்டு விழா நடத்துகிறார்கள். மகிழ்ச்சி! பஞ்சாலை இரைச்சலையும் பட்டறைச் சத்தத்தையும் நாளெல்லாம் கேட்ட காது, மாலையிலே ஒரு நல்ல பாட்டைக் கேட்கட்டும்.

ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். பாட்டு முடிந்த பிறகு, சிங்காநல்லூர் ஆலைத் தொழிலாளி எப்படி வீடு போய்ச் சேருவார்? கணபதிப் பட்டறையிலே கடைசல் பிடிக்கும் இளைஞன் எந்த வண்டியைப் பிடிப்பான்? தாயையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு ஒண்டிப்புதூரிலிருந்து வந்தவன், நள்ளிரவிலே எந்த மூலையில் நிற்பான்?

கார் உள்ளவர் கதவைத் திறக்கிறார், ஏறுகிறார், போகிறார். கால் மட்டும் உள்ளவர் நிற்கிறார். ஆட்டோக்காரர் கேட்கும் தொகையை எண்ணுகிறார், சட்டைப்பையைத் தடவுகிறார். நுழைவுச்சீட்டுக்கு ஒரு நாள் கூலி, வீடு திரும்ப மறு நாள் கூலி என்றால், அடுத்த கச்சேரிக்கு அவர் வரமாட்டார். வாசலிலே அவரை யாரும் தடுக்கவில்லை. வழி தடுத்துவிட்டது!

இசையரங்கிலிருந்து எளியவனை எட்ட நிறுத்துவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஒரு காலத்திலே மொழி தடுத்தது. தமிழன் மண்ணிலே, தமிழன் பொருளிலே எழுந்த மேடையிலே, தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியிலே ஒரு மூலை, அதற்குத் 'துக்கடா' என்று ஒரு பெயர்! அதை எதிர்த்துத்தான் 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழிசைக் குரல் எழுந்தது. 1943-இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. 1952-இல் ராஜா அண்ணாமலை மன்றம் திறக்கப்பட்டது. அண்ணாமலை அரசர் பொருள் தந்தார். தந்தை பெரியார் ஆதரவுக் குரல் தந்தார். மொழிப் பூட்டு உடைந்தது. இன்று கதவு திறந்திருக்கிறது; அந்தக் கதவுக்கும் தொழிலாளியின் குடிசைக்கும் நடுவிலே பல கல் தொலைவுக்கு இருட்டு இருக்கிறது. அந்தப் பூட்டை எப்போது உடைப்பது?

கோவைக்குத் தெரியாத பாடமா இது? 1914-ஆம் ஆண்டிலே இந்த ஊரில் 'வெரைட்டி ஹால்' என்ற படக்கொட்டகையை எழுப்பினாரே சாமிக்கண்ணு வின்சென்ட், அவர் யார்? ரயில்வேயிலே உத்தியோகம் பார்த்தவர்! ஊர் ஊராகப் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மக்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கண்ணால் கண்டவர். அவர் கொட்டகை போட்ட இடம் ஊருக்கு வெளியே பொட்டல் காடு அல்ல. ரயிலடியிலிருந்து நடந்து போகும் தூரத்திலே, நகரத்தின் நடுவிலே போட்டார். அந்தத் தெருவுக்கே வெரைட்டி ஹால் ரோடு என்று பெயர் நிலைத்துவிட்டது. மக்கள் வரும் வழியைப் பார்த்து மன்றத்தைக் கட்டினார் அவர். இன்றைக்கோ, கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்து மைதானத்தைத் தேடுகிறார்கள்!

பெரிய மைதானம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2010 ஜூன் 23 முதல் 27 வரை, கலைஞர் தலைமையிலே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததே, அது அவினாசி சாலையை ஒட்டிய கொடிசியா வளாகத்திலேதான். அந்தச் சாலை அன்று மக்கள் கடலாயிற்று. மாநாட்டுக்கு முன்பே ஊர்ச் சாலைகளைச் செப்பனிட்டார்கள். கூட்டம் வருமுன் கூட்டத்துக்கு வழி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு இருந்தது.

அதே அவினாசி சாலைக்கு மேலே, 2025 அக்டோபர் 9-இல், கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறக்கப்பட்டது. 1,791 கோடி ரூபாய்! பெருமைதான், மறுக்கவில்லை. அந்தப் பாலத்துக்கு வைத்த பெயர் யாருடையது? ஜி.டி. நாயுடுவுடையது. அவர் எங்கிருந்து தொடங்கினார்? 1920-இல், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொடங்கினார்! பஸ்ஸிலே வாழ்வைத் தொடங்கியவர் பெயரைப் பாலத்துக்குச் சூட்டினோம். அந்தப் பாலத்தின் நிழலிலே, இரவு பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நிற்பவனை மறக்கலாமா? மேலே பறக்கிறவருக்கு நிறுத்தம் தேவையில்லை. கீழே நிற்கிறவருக்குத்தான் தேவை.

"மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். வரட்டும். ஆனால் தில்லி என்ன செய்தது? 39 கிலோமீட்டர், 10,740 கோடி ரூபாய் என்று வகுத்த கோவைத் திட்டத்தை 2025 நவம்பரிலே திருப்பி அனுப்பிற்று. காரணம் கேட்டால், 2017 கொள்கைப்படி 20 லட்சம் மக்கள் வேண்டுமாம். கோவை மாநகராட்சியிலே 15.84 லட்சம்தானாம்! 2011 கணக்கைத்தான் காட்டினார்கள். அதே 2011 கணக்கிலே, சுற்றுப்புறங்களையும் சேர்த்த கோவை நகர்த்தொகுதி 21 லட்சத்தைத் தாண்டியதே, அந்த ஏடு தில்லியின் கண்ணில் படவில்லையா? ஆக்ரா நகர்த்தொகுதி 17 லட்சத்துச் சொச்சம். அதற்கு 2019-இல் ஒப்புதல் கொடுத்தார்கள், 2024 மார்ச்சிலே ரயிலும் ஓடிற்று. போபால் 19 லட்சம்கூட இல்லை. அதற்கு 2018-இல் ஒப்புதல். ஆக்ராவிலே தலையை எண்ணும்போது ஒரு கணக்கு, கோவையிலே எண்ணும்போது வேறு கணக்கா? வடக்கே போகும்போது வளைகிற விதி, தெற்கே வரும்போது மட்டும் இரும்பாகிவிடுகிறது!

இந்த ஓரவஞ்சனையை எதிர்த்து நாம் முழங்குவோம். ஆனால் தோழர்களே, தில்லி தடுத்தது மெட்ரோவை. இரவு பத்து மணிக்கு ஒரு பஸ்ஸை விட வேண்டாம் என்று தில்லி சொல்லவில்லை! கையிலிருக்கும் வேலையைச் செய்யாமல் கைக்கு எட்டாததைக் காட்டிக்கொண்டிருந்தால், அடுத்த வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டே தன் வீட்டு விளக்கை ஏற்றாதவன் கதையாகும்.

வழியில்லாமல் கூட்டத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை நாடு பார்த்துவிட்டது. 2023 செப்டம்பர் 10-இல், சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையிலே ஏ.ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி. ரயில் எட்டாத இடம். சீட்டு வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள், சாலை நெரிந்தது, பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாட்டின் குற்றமா அது? பாதையின் குற்றம்!

வழி செய்தால் எப்படி இருக்கும் என்பதையும் அதே சென்னை காட்டியது. 2024-இல் சேப்பாக்கம் கிரிக்கெட் பந்தயங்களுக்கு, ஆட்டச் சீட்டையே மெட்ரோ ரயில் சீட்டாக ஏற்றுக்கொண்டார்கள். ஆட்டம் பார்த்தவன் அரசினர் தோட்டம் நிலையத்துக்கு நடந்தான், ரயிலேறினான், வீடு போனான். பந்துக்குக் கிடைத்த மரியாதை பாட்டுக்குக் கிடைக்கக்கூடாதா?

நாம் கேட்பது வானத்து நிலவை அல்ல, நான்கு காரியங்களை.

ஒன்று: பெரிய இசை நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு வருகிறவரிடம், எத்தனை கார் நிற்கும் என்று மட்டும் கேட்காதீர்கள், எத்தனை பஸ் திரும்பும் என்று கேளுங்கள். பதில் இல்லையா? அனுமதியும் இல்லை!

இரண்டு: நிகழ்ச்சிச் சீட்டே பஸ் சீட்டாகட்டும். செலவை நடத்துகிறவர் ஏற்கட்டும். "காலி பஸ்ஸை யார் ஓட்டுவது?" என்பார்கள். ஒரு பஸ்ஸிலே ஐம்பது பேர் போகலாம். அந்த ஐம்பது பேருக்குக் கார் என்றால் பத்துப் பதினைந்து கார் நிறுத்த நிலம் வேண்டும். அந்த நிலத்துக்குக் கொடுக்கும் காசு பஸ்ஸுக்குப் போதாதா? எப்போது முடியும் என்று தெரியாதே என்றும் சாக்குச் சொல்ல முடியாது. திறந்தவெளியிலே இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியே வரையறுத்திருக்கிறது. பாட்டு நிற்கும் நேரம் தெரியும்போது, பஸ் கிளம்பும் நேரத்தைக் குறிப்பதற்குப் பஞ்சாங்கமா பார்க்க வேண்டும்?

மூன்று: இருகூர், சிங்காநல்லூர், பீளமேடு, வடகோவை, கோவை சந்திப்பு என்று தண்டவாளம் தொழிலாளி வாழும் இடங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. விழா நாட்களிலே அதில் இரவில் ஒரு ரயில் போய் வரட்டும். புதிதாக ஒரு கம்பிகூடப் போட வேண்டியதில்லை.

நான்கு: இனி அரசோ மாநகராட்சியோ கலையரங்கம் கட்டினால், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலே கட்டட்டும். காந்திபுரத்திலே, மத்திய சிறை நிலத்திலே, 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா 2025 நவம்பர் 25-இல் திறக்கப்பட்டது. சிறை நிலம் சோலையாயிற்று. அதுவும் பஸ்ஸிலே வருகிறவன் நடந்து போய்ச் சேரும் இடத்திலே! பூங்காவுக்கு முடிந்தது, பாட்டுக்கு முடியாதா?

தாய்மார்கள் பக்கமாகவும் ஒரு சொல். 2021 மே மாதத்திலே, நகரப் பேருந்தில் மகளிர் கட்டணமின்றிப் போகலாம் என்ற ஆணை பிறந்தது. அடுப்படியிலிருந்த பெண்ணை ஊரெல்லாம் போகச் செய்த ஆணை அது. ஆனால் இரவிலே பஸ்ஸே இல்லையென்றால், இலவசம் எதற்கு இலவசம்? மகள் கச்சேரிக்குப் போக ஆசைப்படுகிறாள்; "திரும்பி எப்படி வருவாய்?" என்று தகப்பன் கேட்கிறான். அவன் கொடுமைக்காரன் அல்ல, பயந்தவன். அந்தப் பயத்தைப் போக்கும் சக்தி, விளக்கெரியும் ஒரு பஸ்ஸுக்கு இருக்கிறது.

"சோற்றுக்கே வழியில்லாதவனுக்குப் பாட்டு எதற்கு?" என்று சில மேதாவிகள் கேட்பார்கள். உழைப்பவன் வயிறு மட்டும் கொண்டவன் என்று நினைக்கிற கூட்டம் அது. நாம் அப்படி நினைத்தவர்கள் அல்லர். நாடக மேடையிலும் திரையிலும் பாட்டிலும் பாட்டாளியைத் தேடிச் சென்று வளர்ந்த இயக்கம் இது. கலை அவனிடம் வர வேண்டும். அல்லது அவன் கலையிடம் போக வழி வேண்டும். இரண்டில் ஒன்றும் இல்லையென்றால், வளர்ச்சி என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

ஆகவே தோழர்களே, வட்டந்தோறும் கூடுங்கள். உங்கள் பகுதிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்திலே போய் நின்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு தீர்மானம் போடுங்கள். மாநகராட்சியிலும் போக்குவரத்துக் கழகத்திலும் கொடுங்கள்; ஆட்சியில் இருப்பவர் எவராயினும் கொடுங்கள். அடுத்த இசை விழாவுக்குச் சுவரொட்டி ஒட்டும்போது, பாடுகிறவர் பெயருக்குக் கீழே திரும்பும் பஸ்ஸின் நேரமும் அச்சாகியிருக்க வேண்டும். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்!