பெயிண்ட் அடித்த பொய்

சமீப காலமாக நம் ஊர்களில் ஒரு தொழில் செழித்து வருகிறது. பழைய மோட்டார் சைக்கிள்களுக்குப் புனர்ஜன்மம் கொடுக்கிற தொழில். வண்டி கிழடாக இருக்க வேண்டும். சொந்தக்காரர் கொஞ்சம் வசதியுள்ளவராகவும் காலஞ்சென்ற தகப்பனார் மீது பாசமுள்ளவராகவும் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தி விட்டால் வியாபாரம் படிந்து விட்டது என்று அர்த்தம். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து வண்டி திரும்பி வரும். டாங்க்கில் முகம் பார்த்து க்ஷவரம் செய்து கொள்ளலாம். மட்கார்டில் தங்கக் கோடு ஓடும். சக்கரக் கம்பிகளைப் பார்த்தால் கண் கூசும். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, “பேஷ், பேஷ்! ஷோரூமிலிருந்து நேரே வந்த மாதிரி இருக்கிறதே!” என்பார்கள்.

கிக்கரை உதைத்தால் மட்டும் வண்டி கிளம்பாது. கிளம்பினாலும் பத்து நிமிஷத்தில் இருமத் தொடங்கும்.

அழகு பார்த்துப் பரவசப்படுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இதற்குப் ‘புதுப்பித்தல்’ என்று பேர் சூட்டுகிறார்களே, அங்கேதான் வழக்கு. மோட்டார் சைக்கிள் என்றால் எஞ்சின். மற்றதெல்லாம் எஞ்சினைத் தூக்கிக் கொண்டு போவதற்கான ஏற்பாடு. அந்த எஞ்சினும் கார்ப்பரேட்டரும் அன்று எப்படி மூச்சு விட்டனவோ அப்படியே இன்றும் மூச்சு விடச் செய்வதுதான் புதுப்பித்தல். அதையும் வீட்டுத் தாழ்வாரத்தில், சொந்தக்காரனே, கூடிய மட்டும் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கிரீஸ் சமாசாரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஐயா, இந்த வித்தை எங்கள் தொழிலிலும் உண்டு. மறைந்து போன ஓர் ஆசிரியரின் நாவலுக்கு மறுபதிப்பு வரும். அட்டையில் வண்ணப் படம். உள்ளே வழவழக் காகிதம். புரட்டிப் பார்த்தால் நாலு அத்தியாயம் காணாமல் போயிருக்கும். ‘இக்காலத்துக்கு ஏற்ற’ நடையில் யாரோ ஒரு புண்ணியவான் வாக்கியங்களைத் திருத்தியிருப்பார். அதைக் கண்டால் எனக்கு வரும் கோபமும் இந்த வண்டிகளைக் கண்டால் வரும் கோபமும் ஒரே ஜாதி.

பொதுவாகப் பேசிக் கொண்டிருப்பதைவிட, ஒரு வண்டியை எடுத்துக் கொள்வோம். புல்லட். நமக்கு அதன்மீது பாத்தியதையும் இருக்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. ராணுவத்துக்கும் போலீஸுக்கும் வேண்டும் என்று நம் சர்க்கார் ஆர்டர் கொடுத்ததன் பயனாக, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டாக என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பித்தன. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரிலேயே முழு வண்டியையும் செய்தார்கள். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலையைப் பூட்டி விட்டார்கள். தாய்வீடு மூடிய பிறகும் பெண் புக்ககத்தில் குடித்தனம் நடத்திய கதை.

அந்தப் பழைய 350 புல்லட்டின் எஞ்சின் மிகவும் எளிமையானது. ஒரே சிலிண்டர். விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். மொத்தம் 346 சி.சி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். வால்வுகளைத் தூக்கி விட இரண்டு கம்பிகள். நாலைந்து ஸ்பானர்களும் நிதானமும் உள்ள எந்தக் குடும்பஸ்தனும் ஒரு ஞாயிற்றுக் கிழமையில் அதன் தலையைக் கழற்றி விடலாம். உள்ளே மாயமோ மந்திரமோ கிடையாது. மாயம் இருப்பதாகச் சொல்கிறவருக்கு அதில் ஏதோ ஆதாயம் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

முதலில் கார்ப்பரேட்டர். நம் ஜனங்கள் வண்டி கிளம்பாவிட்டால் அதன் தலையில்தான் பழியைப் போடுவார்கள். பாதி சமயம் உண்மைக் குற்றவாளி பக்கத்துப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் காண்டாக்ட் பாயிண்ட். அதன் முகத்தைச் சுத்தம் செய்து, இடைவெளியை ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு வைத்தாலே பல ‘கார்ப்பரேட்டர் வியாதிகள்’ குணமாகி விடும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். “கார்ப்பரேட்டர் போச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்பார். பழையதைக் கழற்றிச் சாக்கில் எறிவார்.

அவர் எறிவது என்ன தெரியுமா? பழைய வண்டிகளில் வந்தது அமால் மோனோபிளாக். பெட்ரோல் தேங்கும் அறையும் காற்றோடு கலக்கும் அறையும் ஒரே வார்ப்பில் அமைந்தது. ஆக்ஸிலரேட்டரை எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும் கவனித்துக் கொள்கின்றன. அதற்குமேல் கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு. அதற்குமேல் முக்கால் வரை ஊசி. முழுதும் திறந்தால்தான் மெயின் ஜெட். இந்த நாலு வரி தெரிந்துவிட்டால், வண்டி எந்த நிலையில் தகராறு செய்கிறது என்பதைக் கொண்டே எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி விடலாம். நின்ற இடத்தில் அணைந்து அணைந்து போகிற வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுகிறவர், பல்வலிக்குக் காலில் தைலம் தடவுகிற வைத்தியர்.

கார்ப்பரேட்டரை எஞ்சினோடு பிணைக்கிற முகம் ஒன்று உண்டு. வருஷக் கணக்காக இரண்டு நட்டுகளையும் இறுக்கி இறுக்கி அது வில் மாதிரி வளைந்து போயிருக்கும். இடுக்கு வழியே திருட்டுக் காற்று புகுந்து கலவையைக் கெடுக்கும். இதற்குப் புதுக் கார்ப்பரேட்டர் தேவையில்லை. கனமான கண்ணாடித் துண்டு ஒன்று, அதன்மேல் நைஸ் எமரி காகிதம் ஒன்று, கொஞ்சம் எண்ணெய். வளைந்த முகத்தை அதில் வைத்து எட்டுப் போடுகிற மாதிரி தேய்க்க வேண்டும். நாலு மூலையும் ஒரே நிறமாக மாறுகிற வரையில் தேய்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. வானொலியில் ஒரு கச்சேரி கேட்டுக் கொண்டே செய்யலாம். கச்சேரி சுமாராக இருந்தால் வேலை இன்னும் நன்றாக வரும்.

ஜெட் அடைத்துக் கொண்டால், கேபிளிலிருந்து ஒரு கம்பி இழையை உருவி உள்ளே விட்டுக் குத்துகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். அமால் ஜெட்டில் பொறித்திருக்கும் எண், ஒரு நிமிஷத்தில் அதன் வழியே எத்தனை சி.சி. பெட்ரோல் பாயும் என்ற கணக்கு. பித்தளைத் துவாரத்தைக் கம்பியால் ஒரு தடவை சுரண்டி விட்டால் அந்த எண் பொய்யாகி விடுகிறது. பெட்ரோலில் ஊற வைத்து வாயால் ஊதுங்கள், போதும். சைக்கிள் பம்பு இருந்தால் இன்னும் உத்தமம். (அடுப்பு எரியும் சமையலறையில் இதைச் செய்யாதீர்கள். வீட்டில் உள்ளவர்களின் உயிர் கார்ப்பரேட்டரைவிட முக்கியம்.)

இப்போது ஒரு புதுச் சங்கடமும் சேர்ந்திருக்கிறது. 2025-க்குள் நாடு முழுவதும் பங்க்குகளில் இருபது சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்து விட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கொள்ளும் குணமுள்ளது. துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய கார்ப்பரேட்டருக்கும், அந்தக் காலத்து ரப்பருக்கும் கார்க்குக்கும் அது ஆகாது. வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்து விடும். வரவேற்பறையில் பொம்மையாக நிற்கும் பளபள வண்டிகள் சீக்கிரம் கெடுவதற்கு இது ஒரு காரணம். நிறுத்துவதற்கு முன் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்ப்பரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக அணைகிற வரை ஓட விடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம். பல லக்ஷம் வாங்கிக் கொண்டு வண்டியை ஒப்படைத்தவர்களில் எத்தனை பேர் இந்த ஒரு வார்த்தையைச் சொன்னார்கள்?

கார்ப்பரேட்டர் போனால் இன்னொன்று தேடலாம். சிலிண்டர் விஷயம் அப்படியல்ல. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தகப்பனார் அறுபதுகளில் வாங்கி முப்பது வருஷம் ஓட்டிய புல்லட்டை ஒரு நிலையத்தில் ஒப்படைத்தார். வண்டி மணப்பெண் மாதிரி வந்தது. ஆனால் புகை கக்கியது. நாங்கள் இருவருமாகத் தலையைக் கழற்றினோம். பிஸ்டன் நெற்றியில் அறுபது என்று குத்தியிருந்தது. அதாவது அறுபது தௌ, ஒன்றரை மில்லிமீட்டர். சிலிண்டர் தேய்ந்தால் அதை முதலில் இருபது தௌ கடைவார்கள். பல வருஷம் கழித்து நாற்பது. அதற்கும் பிறகுதான் அறுபது. அந்தச் சிலிண்டர் அதுவரை ஒரு தடவைகூடக் கடையப்படாதது. பெரியவர் அவ்வளவு பதனமாக ஓட்டியிருக்கிறார். நிலையத்தாரோ மூன்று தலைமுறைக்கு வர வேண்டிய இரும்பை ஒரே நாளில் சீவித் தள்ளி விட்டார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் வந்தது: “அந்த சைஸ் பிஸ்டன்தான் சார் கையிலே இருந்தது.”

பழைய பிஸ்டன் எங்கே? “இரும்புக் கடைக்குப் போயிடுச்சு சார்.”

நண்பர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பிஸ்டனை 1974-ல் வெளியே எடுத்துக் கரி சுரண்டியபோது விளக்குப் பிடித்துக் கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அவர்.

அந்தச் சிலிண்டருக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை எந்த வீட்டிலும் அளந்து பார்த்திருக்கலாம். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்க வேண்டும். சிலிண்டரின் அடியில், தேயாத இடத்தில் ஓர் அளவு. மேலே, தேய்ந்த இடத்தில் ஓர் அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பமானால் புது ரிங் போதும். வால்வு சரியாக உட்காருகிறதா என்பதற்கு இதைவிட எளிய பரீக்ஷை: தலையைக் கவிழ்த்து வைத்து, காற்று வரும் துவாரத்தில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றுங்கள். வால்வைச் சுற்றிக் கசிந்தால் பேஸ்ட் தடவித் தேய்க்க வேண்டும். கசியாவிட்டால் தொடவே கூடாது.

“எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய முடியுமா? நிபுணர்கள் எதற்கு?” என்று ஒரு கோஷ்டி கிளம்பும். நியாயமான கேள்வி. கிராங்க்கைப் பிரித்து அதன் குண்டூசியை அழுத்திச் சேர்ப்பதும், இரண்டு சக்கரங்களும் ஆட்டமில்லாமல் சுழலும்படி நிமிர்த்துவதும் தாழ்வாரத்து வேலையல்ல. சிலிண்டர் கடைவதும் அப்படியே. லேத்துக்காரரிடம் போய்த்தான் தீர வேண்டும். ஆனால் அளந்து கொண்டு போங்கள். என்ன வேண்டும் என்று தெரிந்து கொண்டு போகிறவனுக்கும், “பார்த்துச் செய்யுங்கள்” என்று ஒப்படைத்து விட்டு வருகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்த வியாபாரம் முழுவதும் நடக்கிறது.

வண்டியைத் தன் கையால் பிரித்தவனுக்கு மட்டுமே தெரிகிற சில சங்கதிகள் உண்டு. புல்லட்டின் எண்ணெய் வடிகட்டியைக் கழுவிப் பூட்டும்போது அந்த அறையில் எண்ணெயை நிரப்பி விட்டு மூட வேண்டும். மறந்தால், பம்பு அந்தக் காலி இடத்தை நிரப்புகிற வரையில் பிக் எண்ட் பட்டினி கிடக்கும். வால்வுக் கம்பிகளை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, விரலால் உருட்டினால் உருள வேண்டும்; மேலும் கீழும் மட்டும் ஆடக் கூடாது. அவசரக் கடையில் இதற்கெல்லாம் யாருக்குப் பொழுது இருக்கிறது? பெயிண்ட் காய வேண்டுமே!

சட்டமும் இந்தப் பொம்மைக் கலாசாரத்துக்குத்தான் ஒத்து ஊதுகிறது. 2021-ல் மத்திய சர்க்கார் பழமையான வாகனங்களுக்கென்று தனி விதிகள் செய்தது. ஐம்பது வயது தாண்டிய, பெரிய மாறுதல் செய்யாத வண்டி என்றால் ‘வின்டேஜ்’ என்று பதிந்து கொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிந்த பிறகு கண்காட்சிக்குக் கொண்டு போகலாம். ஊர்வலத்துக்குக் கொண்டு போகலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். தினசரி ஓட்டத்துக்கு மட்டும் கூடாது. திருவொற்றியூரில் செய்த வண்டியில் ஏறித் திருவொற்றியூர்க் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டு விட்டு வர வழியில்லை! பழைய பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக் கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. அவர்கள் அந்தப் பட்டத்துக்கு ஆசைப்படாமல் இருப்பதே மேல்.

பெயிண்ட் அடிக்கிற கனவான்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும், உடைந்ததானாலும் தேய்ந்ததானாலும், ஒரு கோணிப் பையில் போட்டுச் சொந்தக்காரரிடம் கொடுங்கள். பில்லில் ‘எஞ்சின் வேலை’ என்று ஒரே வரி எழுதாமல், சிலிண்டர் எத்தனை தௌ கடைந்தது, ஜெட் எண் என்ன, முன்பு இருந்தது என்ன என்று எழுதிக் கொடுங்கள்.

இப்படிச் செய்கிற ஒருவரை நான் புதுப்பேட்டைப் பக்கம் பார்த்திருக்கிறேன். வயதானவர். பழைய பிஸ்டனைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பென்சிலால் அளவையும் தேதியையும் எழ்தி, கூலியை வாங்குவதற்கு முன் அதை எடுத்துக் கையில் கொடுத்தார். அவருடைய கடைக்குப் போர்டுகூடக் கிடையாது.