மணிக்கூண்டில் எண்ணிக்கை உண்டு, பெயர்கள் இல்லை

வேலூர் மணிக்கூண்டைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிறார்கள். அதில் பதித்திருக்கும் கல்லை நின்று படித்தவர்கள் குறைவு. 1914-18 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தார்கள் என்கிறது அந்தக் கல். அந்த 14 பேர் யார், எந்தத் தெருக்காரர்கள், யார் வீட்டுப் பிள்ளைகள்? கல்லில் ஒரு பெயரும் இல்லை. பழைய சென்னை மாகாணத்தின் வேறு பல ஊர்களிலும் இப்படிப்பட்ட கற்கள் நிற்கின்றன. அங்கும் எண்ணிக்கைதான்.

ஆண்டுதோறும் ஜனவரி 14ஆம் தேதியை முன்னாள் படைவீரர் நாளாக அரசு கொண்டாடுகிறது. இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள் அது. பொங்கலையொட்டி வருவதால் நம் ஊர்களில் பலருக்கு அப்படியொரு நாள் இருப்பதே தெரியாது. டிசம்பர் 7 கொடிநாள் என்றால் பள்ளியில் உண்டியல் வரும், சட்டையில் சின்னக் கொடி குத்துவார்கள். அதோடு முடிந்துவிடுகிறது. நம் காலனிகளில் ட்ரங்க் பெட்டிக்குள் பதக்கமும் டிஸ்சார்ஜ் புக்கும் வைத்திருக்கும் குடும்பங்களைத் தேடி யாரும் வருவதில்லை. நாமும் போவதில்லை.

இந்த மறதி தானாக வந்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர் சமூகத்தினர் திரளாகச் சேர்ந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் சேர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சில சாதிகள் மட்டுமே போர்க்குணம் உடையவை என்றொரு கொள்கையை ஆங்கிலேயர் கட்டினார்கள். சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்து பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ் அதை முன்னின்று நடத்தினார். தென்னாட்டுப் படைகள் சுருக்கப்பட்டன. 1892இல் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டவர்கள் ஒரே உத்தரவில் கோழைகள் ஆனார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1891இல், மாவ் ராணுவக் குடியிருப்பில் ஒரு சுபேதாரின் வீட்டில் பிறந்தவர்தான் அம்பேத்கர். தந்தை ராம்ஜி சக்பால் படையில் இருந்தவர். ராணுவப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். பாட்டனாரும் படைவீரர். ஊர்ப் பள்ளிக்கூடம் கதவைச் சாத்திய காலத்தில் படைக் குடியிருப்பில் எழுத்து கிடைத்தது. அந்த எழுத்து ஒரு குடும்பத்தில் என்ன செய்தது என்பதை நாடு பின்னால் பார்த்தது.

போர் வரும்போது கூப்பிடுவதும் முடிந்ததும் அனுப்பிவிடுவதுமே வழக்கமாக இருந்தது. முதல் உலகப் போரின்போது 1917இல் மகர்களுக்கென ஒரு படைப்பிரிவு அமைத்தார்கள், 1921இல் கலைத்தார்கள். இரண்டாம் போரில் 1943இல் சமார் ரெஜிமெண்ட் அமைத்தார்கள். அது கொஹிமாவில் சண்டையிட்டது; 1946இல் கலைக்கப்பட்டது. அம்பேத்கர் இடைவிடாமல் வலியுறுத்தியதன் பயனாக 1941இல் உருவான மகர் ரெஜிமெண்ட் மட்டும் இன்றுவரை நிற்கிறது.

'வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களை ஏன் கொண்டாட வேண்டும்?' என்று மாணவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பேரரசின் போர்களைக் கொண்டாடச் சொல்லி நாம் கேட்கவில்லை. கூலியில்லா வேலையும் தீண்டாமையும் மட்டுமே கிடைத்த ஊரைவிட்டு, மாதச் சம்பளமும் சீருடையும் கிடைத்த இடத்துக்கு அவர்கள் போனார்கள். அதே படையில் ஊர்ச்சாதிக்காரர்களும் இருந்தார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லையில் நின்றவர்களை இந்தக் கேள்வி தொடுவதும் இல்லை. அவர்களையும் மறந்துதானே இருக்கிறோம்?

பெயர் பொறிப்பதால் என்ன வந்துவிடும் என்பதற்குக் கோரேகாவ் தூண் பதில் சொல்லும். 1818 ஜனவரி 1 அன்று நடந்த சண்டையில் இறந்த கம்பெனி வீரர்கள் 49 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. அவற்றில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடியும் மகர் பெயர்கள். வெறும் எண்ணிக்கையைப் பொறித்திருந்தால் இறந்தவர்களில் மகர்கள் இருந்தார்கள் என்று அந்தக் கல் சொல்லியிருக்காது. பெயர்கள் இருந்ததால்தான் 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்று, இவர்கள் எம் முன்னோர் என்று சொல்ல முடிந்தது. வேலூர்க் கல்லின் முன் நிற்கும் நம் பிள்ளைகளால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

இனி நம் மாவட்டத்துச் செய்திக்கு வருவோம். வேலூர்ப் பகுதி படைவீரர்களின் பகுதி. கம்மவான்பேட்டையை மக்கள் ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். நம் சமூகத்தார் அதிகமாகச் சேர்ந்தது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையில். அந்தப் படையின் வேலை என்ன? படை முன்னேறப் பாதை போடுவது, ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது. மெசபடோமியாவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் அவர்கள் அதைச் செய்தார்கள்.

2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டத்தின் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியைத் தனியார் நிலம் அடைத்திருந்தது. அந்தக் காட்சியை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. நமக்குத் தெரிந்த ஒரு காலனியில் சாப்பர்ஸ் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். எத்தனையோ ஆறுகளுக்குப் பாலம் போட்டவர். தம் மனைவியின் உடலை இடுப்பளவு ஓடைத் தண்ணீரில் இறங்கித்தான் தூக்கிப் போனார். அந்த ஓடைக்குச் சிறுபாலம் கேட்டு அவர் கொடுத்த மனுக்களின் நகல்கள் டிஸ்சார்ஜ் புக்கோடு அதே பெட்டியில்தான் இருக்கின்றன.

வடக்கிலும் இதே கதைதான். 2016இல் காஷ்மீரின் பாம்போர் தாக்குதலில் இறந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர் ஒருவரின் உடலை உத்தரப் பிரதேசத்தில் உள்ள அவரது கிராமத்தின் பொது நிலத்தில் எரிக்க ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். அதிகாரிகள் பேசிய பிறகே சிறிது இடம் கிடைத்தது. 2020இல் குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில் தலித் ராணுவ வீரர் ஒருவர் தம் திருமணத்துக்குக் குதிரையில் வந்தார் என்பதற்காக ஊர்வலத்தின்மீது கல்லெறிந்தார்கள். எல்லையில் அவர் அணிந்த சீருடை ஊர் எல்லைக்குள் செல்லவில்லை.

ஆகவே மரியாதை என்றால் மாலையும் மேடையும் மட்டும் போதாது. நம்மால் ஆகக்கூடிய மூன்று வேலைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, மாணவர்களுக்கு. இந்த விடுமுறையில் உங்கள் காலனியில் வீடு வீடாகச் செல்லுங்கள். படையில் இருந்தவர் பெயர், படைப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, போன இடங்கள், வாங்கிய பதக்கம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் புக்கைக் கைப்பேசியில் படம் எடுங்கள். முதியவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். இன்று கேட்காவிட்டால் அடுத்த ஆண்டு சொல்வதற்கு ஆள் இருக்க மாட்டார்.

இரண்டாவது, அந்த வீரர்களின் மனைவிமாருக்காக. ஓய்வூதிய ஆணையில் ஒரு பெயர், ஆதாரில் வேறொரு பெயர் என்று இருந்தால் குடும்ப ஓய்வூதியம் சிக்கிக்கொள்ளும். ஆண்டுதோறும் வாழ்வுச் சான்று கொடுக்காவிட்டாலும் நின்றுவிடும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் தீரும் சிக்கல்கள் இவை. மாவட்ட ஆட்சியரின் நிர்வாகத்தில் இயங்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இதற்காகத்தான் இருக்கிறது. நம் வீட்டு அத்தையையும் பாட்டியையும் அங்கே அழைத்துச் செல்வோம்.

மூன்றாவது, ஊராட்சிக்கு. வரும் கிராம சபையில் இரண்டு தீர்மானங்களைச் சேர்த்தே கொண்டுவருவோம். ஊரிலிருந்து படைக்குச் சென்ற எல்லோருடைய பெயரையும் தெரு வேறுபாடு இல்லாமல் ஒரே கல்லில் பொறிக்க வேண்டும். அதோடு, காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை இல்லையென்றால் அந்தப் பாதையைப் போட வேண்டும். கல்லுக்கு எளிதில் கை தூக்குவார்கள். பாதைக்கும் கை தூக்குகிறார்களா என்று பார்ப்போம். தூக்காவிட்டால் தீர்மான நகலுடன் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். ஹவில்தாரின் பெட்டியில் கிடக்கும் மனுக்களையும் எடுத்துக்கொண்டே போவோம்.