கல்லைக் குறை சொல்லாதீர்கள்

அலுவலகக் கூட்டத்தில் பழைய கோட் ஒன்றைத் திரையில் காட்டி ஒருவர், "இது கற்காலத்து வேலை" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அதற்குப் பிறகு ஆறு மாதம், ஞாயிறுதோறும் பாகாயத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து கல் உடைத்துப் பார்த்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கம் போனார். அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று சாந்தி பப்புவின் குழு 2011-ல் அறிவித்தது. அதில் ஒன்றைப் போலச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். பி.இ. படித்த திமிர், வேறென்ன?

முதல் தோல்வி கல்லிலேயே. எங்கள் மலைப்பாறை பரல்பரலானது. அடித்தால் உதிரும், இல்லையென்றால் இஷ்டத்துக்குப் பிளக்கும். அத்திரம்பாக்கத்துக் குவார்ட்சைட்டில் மணல் பரல்கள் சிலிக்காவால் இறுகி ஒன்றாகிவிட்டவை. விரிசல் பரலைச் சுற்றிப் போகாமல் ஊடுருவிப் போகும், கூரான சில்லு கழன்று வரும். திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளோ தேய்த்து வழவழப்பாக்கியவை. கல்லைப் பார்த்துத்தான் முறையே.

நான் டாஸ்மாக் பாட்டில்களின் அடிப்பாகத்துக்கு இறங்கினேன். பழக அதுதான் மலிவு. சில்லே வரவில்லையா? அடிக்கும் பரப்புக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே கோணம் 90 டிகிரிக்குக் குறைய வேண்டும். விளிம்பு நொறுங்குகிறதா? சொரசொரப்பான கல்லால் முதலில் விளிம்பைத் தேய்த்து உறுதியாக்க வேண்டும். சில்லு பாதியில் முறிந்து படிக்கட்டுபோல் நிற்கிறதா? அங்கேதான் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். ஓங்கி ஓங்கி அதே இடத்தில் அடித்தேன். படி உயர்ந்துகொண்டே போனது.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் துணி காயப்போட வந்து பார்த்தார். பதினெட்டு வருஷமாக ஷூ கம்பெனியில் தோலின் ஓரத்தைச் சாய்வாகச் சீவுகிறவர். "ஏன் தம்பி அதே எடத்துலயே அடிக்கிற? எதிர்ப்பக்கத்துலேருந்து வா, அது தானா வந்துரும்" என்றார். வந்தது.

சம்பளச் சீட்டில் அவர் 'ஹெல்பர்'. கண்ணாலேயே கோணம் அளக்கிறவருக்கு அதுதான் பெயர். மூன்று வாரம் தப்பாக அடித்தவனுக்கு 'சீனியர் இன்ஜினியர்' என்று பெயர். 'கற்காலம்' என்று சிரிப்பதும் 'ஹெல்பர்' என்று எழுதுவதும் ஒரே புத்தி: கையால் செய்வதில் யோசனை கிடையாது என்கிற புத்தி.

"அப்போ முன்னோர் பெருமையா?" என்று கேட்காதீர்கள். 15 லட்சம் ஆண்டுக்கு முன் தமிழனும் இல்லை, நம் மனித இனமே இல்லை. அதில் நாம் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் கல்லைப் பார்த்தார்கள், தப்பு செய்தார்கள், திருத்தினார்கள்.

நம்பாவிட்டால் செய்து பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, தொடைமேல் தடித்த தோல், மூக்குக்கு நல்ல மாஸ்க். கல்தூசு நுரையீரலைக் கெடுக்கும். தொல்லியல் இடங்களில் கல்லை எடுக்காதீர்கள், உடைத்ததைக் கொண்டுபோய்ப் போடவும் செய்யாதீர்கள். சில்லு நடுவில் நின்றுபோனால், பக்கத்து வீட்டில் கையால் வேலை செய்கிறவர் யாரென்று விசாரியுங்கள்.