ஊரமைப்பும் கடலும்

வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில், அதன் வடகரையில் அமைந்த பழந்துறைமுகம் பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர் இதனைப் ‘போர்ட்டோ நோவோ’ என்றனர். புதிய துறைமுகம் என்பது அதன் பொருள். கடலால் பெயரும் பொருளும் பெற்ற இவ்வூர், இன்று அக்கடலையே அஞ்ச வேண்டியதாயிற்று.

உலகம் வெப்பமுறுவதால் கடல்நீர் விரிகின்றது; பனிப்பாறைகளும் உருகிக் கடலிற் சேர்கின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது என்பது அறிஞர் முடிபு. ஒரு சாணும் இல்லையே என்று எண்ணற்க. சேத்தியாத்தோப்பு அணையைக் கடந்து வரும் வெள்ளம், கடலேற்றத்தின்போது முகத்துவாரத்தில் வடிய வழியின்றித் தேங்கும். கடல் உயருந்தோறும் அத்தேக்கம் பெருகும்.

ஆதலின், இக்கரையில் ஊரமைப்போர் முதற்கண் செய்யத்தக்கது யாது? சாலைக்குக் கோடு கிழிப்பதன்று; எவ்விடம், எவர், எவ்வளவு ஊறுபடக்கூடும் என்று அளந்தறிதலே. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் ஆட்சியர் பொறுப்பில் அதனை நடத்த வகைசெய்தது நற்செயலே. ஆயினும், மாவட்டக் கணக்குத் தெருவைக் காட்டாது.

இதற்குச் சான்று வேண்டின், 2004 டிசம்பர் 26ஆம் நாளை நினைமின். அன்று வந்த ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் எழுந்தது, காலநிலையால் அன்று. எனினும், அது காட்டிய உண்மை ஈண்டும் பொருந்தும். பிச்சாவரத்தையடுத்து, கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு பேரழிவு எய்தியது. அலையாத்திக் காட்டின் பின்னே இருந்த சிற்றூர்களோ பெரிதும் தப்பின. இரண்டும் ஒரே மாவட்டம்; ஒரே அலை! (அக்காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரம் தில்லை எனப் பெயர் பெற்றது அம்மரத்தால் அன்றோ?)

பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்து அறிஞர், 18 கடற்கரைச் சிற்றூர்களை ஆராய்ந்து, 2005இல் காட்டின் காவலை எடுத்துரைத்தனர். குடியிருப்பின் உயரமும் கடலினின்று அதன் தொலைவுமே பெருங்காரணம் என மறுத்தாரும் உளர். யார் கூற்று வெல்லினும் ஆகுக. இரு சாராரும் ஊர் ஊராக அளந்த கணக்கைக் கொண்டே வழக்காடினர். அத்தகைய கணக்கு ஊரமைப்போர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

நிலத்தை மட்டும் அளந்தாற் போதுமோ? போதாது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் கரையேறிய தானே புயல், காரை வீட்டையும் கூரைக் குடிசையையும் ஒருங்கே தாக்கியது, ஒருபடித்தாகவா அழித்தது? பண்ணுருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரொடு சாய்ந்தன. மாதச் சம்பளம் பெறுவோன் அடுத்த மாதம் நிமிர்வான். மரத்தை நம்பியவன் புதுக்கன்று காய்க்கும் வரை காத்திருக்க வேண்டும். படகிழந்த மீனவன் நிலையும் அத்தகையதே. வீழ்ந்தபின் எழும் வலிமை எவர்க்கு உண்டு, எவர்க்கு இல்லை என்பதையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

இவ்வேலையைப் பேரூராட்சியே தொடங்கலாம். எத்தெருவில் வெள்ளம் எத்தனை நாள் நிற்கும், எக்கிணறு உவர்த்தது, நடக்கமாட்டா முதியோர் எவ்வீட்டில் உளர் என்பன அலுவலகப் படத்தில் இரா; ஊராரிடத்தே உள. மாணவர்களே, வரும் ஐப்பசி, கார்த்திகையில் நும் தெருவில் தேங்கும் நீரை ஒரு கோல்கொண்டு அளந்து, நாளும் உயரமும் குறித்து நீவிரும் கொடுக்கலாம்.